காத்திருப்பது எந்த ஊரில்?

கல்யாணத் தரகரின் நோட்டில் ‘மாப்பிள்ளை யு.எஸ்.’ என்று இருந்தால் போதும், பெண் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் உள்ளே போய்ப் பீங்கான் கோப்பை வெளியே வரும். சம்பளம் என்ன, சொந்த வீடு உண்டா, கல்யாணமாகாத தங்கை இருக்கிறாளா, செவ்வாய் தோஷம் உண்டா என்று எல்லாவற்றையும் துருவுவார்கள். அவர் அங்கே எந்த விசாவில் இருக்கிறார் என்பதை மட்டும் மேலோட்டமாகக் கேட்பார்கள். ‘எச்-1’ என்றோ ‘கிரீன் கார்டு வந்துடும்’ என்றோ பதில் வரும். தலையாட்டிவிட்டு முகூர்த்தத் தேதிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணின் அடுத்த பத்தாண்டு எப்படி இருக்கும் என்பது ஜாதகக் கட்டங்களைவிட அந்தப் பதிலில்தான் அதிகம் இருக்கிறது.

துணையிடம் போய்ச் சேர ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே போய் அங்கே மணந்துகொள்ளலாம். இங்கே மணம் முடித்துக் குடியேற்ற விசாவில் போகலாம். துணையின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு டிபென்டன்டாகப் போகலாம். தன் படிப்பையோ வேலையையோ வைத்துத் தன் பெயரிலேயே போகலாம். இவற்றில் எது சீக்கிரம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் தப்பாகிறது. காத்திருப்பு எந்த வழியிலும் உண்டு. சில வழிகளில் அதை இங்கே, வேலையும் சம்பளமும் தோழிகளும் உள்ள ஊரில் கழிக்கிறோம். சில வழிகளில் போய்ச் சேர்ந்தபின், வேலைக்கு அனுமதியில்லாமல், பனி கொட்டும் சன்னலைப் பார்த்துக்கொண்டு கழிக்கிறோம். எந்த ஊரில் காத்திருப்பது நமக்குத் தாங்கும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இங்கே சொல்லும் விதிகள் 2025 இறுதி நிலவரம்.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம், சிக்கல் அங்கேதான் அதிகம். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவியோ கணவனோ எச்-4 விசாவில் போகலாம். சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் முடிந்ததும் விமானம் ஏறிவிடலாம். போன இடத்தில் படிக்கலாம், கார் ஓட்டலாம், வங்கிக் கணக்குத் தொடங்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க மட்டும் முடியாது. 2015 மே மாதம் அமலுக்கு வந்த ஒரு விதி இதில் சிறு சன்னலைத் திறந்தது. கணவரின் கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தாலோ, எச்-1பியின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி அவருக்கு நீட்டிப்பு கிடைத்திருந்தாலோ, எச்-4 துணைக்கு இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை கிடைக்கும். அந்த விதியை எதிர்த்து அதே ஆண்டு தொடங்கிய வழக்கு பத்தாண்டு இழுத்தது. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்தபோதுதான் ஓய்ந்தது.

ஆகவே எச்-1பி மாப்பிள்ளை என்றால் அடுத்துக் கேட்க வேண்டியது ‘ஐ-140 ஆயிற்றா?’ என்பது. கம்பெனி இன்னும் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கவே இல்லை என்றால், போகும் பெண் சில ஆண்டுகளாவது வீட்டில் இருக்க நேரும். சிறுசேரியிலோ தரமணியிலோ ஆறேழு ஆண்டு அனுபவத்தோடு டீம் லீடாக இருந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. அட்டை கிடைத்தபின்னும் நிம்மதி முழுசாக வராது. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குப் பழைய அட்டை தானாக நீளும் சலுகை பறிபோய்விட்டது. புது அட்டை வரத் தாமதமானால் வேலையிலிருந்து இறங்கி நிற்க வேண்டியதுதான். கணவர் வேலையை இழந்தால் இருவருக்கும் சேர்த்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

அதே மாப்பிள்ளை தன் கம்பெனியின் மாற்றலில் எல்-1 விசாவில் போயிருந்தால் கதை வேறு. 2021 நவம்பரிலிருந்து எல்-2 துணை தனி அட்டைக்குக் காத்திராமல், போய் இறங்கியதுமே வேலை தேடலாம். மாணவராக எஃப்-1இல் இருப்பவரின் துணைக்கு எஃப்-2. அதில் வேலையும் கிடையாது, முழுநேரப் பட்டப்படிப்பும் கிடையாது. இருப்பதிலேயே இடுக்கான அறை அதுதான். மாணவரை மணக்கும் பெண் தானும் ஓர் எம்.எஸ். இடம் வாங்கிச் சொந்த எஃப்-1இல் போவது செலவுதான். ஆனால் படிப்பு முடிந்தபின் ஓராண்டு, அறிவியல் பொறியியல் படிப்பென்றால் மேலும் இரண்டாண்டு, தன் பெயரிலேயே வேலை பார்க்கலாம். கல்யாண மண்டபத்துக்கும் நகைக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை இந்தக் கட்டணத்துக்குத் திருப்பும் பெற்றோரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

இனி, பலர் விழும் பள்ளம். மாப்பிள்ளை பத்துப் பன்னிரண்டு ஆண்டு வரிசையில் நின்று, கிரீன் கார்டு இந்த மாதமோ அடுத்த மாதமோ வரும் நிலையில் இருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ‘கார்டு கைக்கு வரட்டும், ஆடி கழியட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்’ என்கிறார் பெரியப்பா. ஆடியில் கார்டு வந்துவிடுகிறது. ஆவணியில் தாலி ஏறுகிறது. அந்தப் பெண்ணுக்கு எச்-4 கிடைக்காது, ஏனென்றால் கணவர் இப்போது எச்-1பியில் இல்லை. குடிமகனின் மனைவிக்குள்ள வரிசையில்லாத வழியும் கிடையாது, ஏனென்றால் அவர் இன்னும் குடிமகனும் இல்லை. எஃப்2ஏ என்ற வரிசையில் போய் நிற்க வேண்டும். அது ஆண்டுக் கணக்கில் நகர்வது. மனு போட்டபின் சுற்றுலா விசாவுக்குப் போனால், குடியேறும் நோக்கம் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதே வழக்கம். கணவர் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு முடிந்து குடியுரிமை வாங்கினால் வரிசை ஒழியும்.

கார்டு ஒப்புதலாவதற்கு ஒரு நாள் முன்னால் சட்டப்படி மணம் நடந்திருந்தாலும், அந்தப் பெண் கணவரின் அதே மனுவில், அதே தேதியின் பலத்தில், பின்தொடர்ந்து போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆடியில் சார்பதிவாளர் அலுவலகம் திறந்துதான் இருக்கிறது. கார்டுக்கு முன் சட்டப்படியான மணத்தை முடித்துப் பதிந்துகொண்டு தாலியை ஆவணியில் கட்டியிருந்தால் யாருக்கும் குறையில்லை. பெரியப்பாவைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மாப்பிள்ளை பத்துப் பன்னிரண்டு ஆண்டு நின்ற வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பதையும் பார்த்துவிடலாம். வேலை வழியிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 2025 இறுதியில் இந்தியர்களுக்கான, இ.பி.-2 என்ற வேலைப் பிரிவின் வரிசையில் 2013இல் பதிந்தவர்களின் முறையே நடந்துகொண்டிருந்தது. இங்கே கணக்கில் வருவது பிறந்த நாடு. குடியுரிமை எந்த நாட்டுடையது என்று பார்ப்பதில்லை. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவருமே அந்த நாட்டின் வரிசையில் நிற்கலாம். அப்பா துபாயில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்த பெண், சிங்கப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த பெண், கீழக்கரை மாப்பிள்ளையின் பத்தாண்டுக் காத்திருப்பைப் பெருமளவு கரைத்துவிடக்கூடும். பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அமெரிக்கக் குடிமகனை மணப்பவருக்கு இரண்டு கதவுகள். ஒன்று 1970இல் வந்த கே-1, நிச்சயிக்கப்பட்டவருக்கான விசா. போய் இறங்கி 90 நாளுக்குள் அந்த மனுதாரரையே மணக்க வேண்டும். பிறகுதான் கிரீன் கார்டுக்கு விண்ணப்பம், மறுபடி கட்டணம், வேலை அனுமதிக்குக் காத்திருப்பு. மற்றது இங்கேயே மணந்து, குடியேற்ற விசா வாங்கி, நேரே கிரீன் கார்டு உரிமையோடு இறங்குவது. இதற்கு நேர்காணல் மும்பையில். சென்னைக்காரர்களும் அங்கேதான் போக வேண்டும். கே-1 சீக்கிரம் என்று ஒரு பேர் உண்டு. கிடைக்கும் சில மாத வேகத்தை அந்தப் பக்கம் போய் வேலையின்றி இருந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மணமுடித்துப் போவதே நல்லது என்பது என் எண்ணம்.

தமிழ்க் குடும்பங்களுக்குக் கே-1இல் வேறொரு வில்லங்கமும் உண்டு. அது மணமாகாதவர்களுக்கான விசா. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று போவதற்கு முன் கோயிலில் எளிமையாகத் தாலி கட்டி, அந்தப் படத்தையும் கோப்பில் சேர்த்துக் கொடுத்தால், அதிகாரியின் கண்ணில் கல்யாணம் முடிந்துவிட்டது, விசா நிற்கும். நிச்சயதார்த்தத்திலேயே மாலை மாற்றிப் பட்டுப்புடவையில் நிற்கும் படங்களும் சந்தேகத்தைக் கிளப்பக்கூடியவை. இருவரும் முந்தைய இரண்டாண்டுக்குள் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். வீடியோ காலில் பெண் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது.

ஆனால் கே-1 பெரிதும் கைகொடுக்கும் சிலரும் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. அமெரிக்காவோ தன் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புக்குப் பின் தன்பால் துணைகளுக்கும் குடியேற்ற உரிமையைச் சமமாகத் தருகிறது. இங்கே மணக்கவே முடியாத அந்த இணைகளுக்கு, அங்கே போய் மணக்கும் விசாதான் நேர்வழி. மூன்றாம் நாட்டில் மணந்துகொண்டு குடியேற்ற விசா கேட்பது இன்னொரு வழி.

பிரிட்டன் பக்கம் திரும்பினால், விசா வழியைத் தேர்ந்ததற்காகவே ஒரு பெண் பட்ட அவமானத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1979 ஜனவரி. ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் வந்திறங்குகிறார். தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணக்க வந்திருக்கிறார். மனைவியாக வருவதென்றால் முன்அனுமதிக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டிய காலம் அது. மூன்று மாதத்துக்குள் மணக்க வருபவருக்கோ விசாவே தேவையில்லை. ஏற்கெனவே மணமானவர் சுருக்குவழியில் வருகிறாரோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். ‘கன்னித்தன்மை’ சோதனை செய்தார்கள், அதுவும் ஆண் மருத்துவரை வைத்து. செய்தித்தாளில் வந்தபின் நாடாளுமன்றமே குலுங்கியது. துணைக்கண்டத்திலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இது நடந்திருந்ததைப் பிற்காலத்தில் கிடைத்த ஆவணங்கள் காட்டின.

அதன்பின் வந்த விதிகள் உடலை விட்டுவிட்டுச் சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டன. நடுவில் ஒரு வேடிக்கை. கணவனை அழைக்கும் பெண்ணுக்கு, மனைவியை அழைக்கும் ஆணைவிடக் கடுமையான விதி இருப்பது பாகுபாடு என்று 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கான விதியைத் தளர்த்துவதற்குப் பதிலாக ஆணுக்கும் இறுக்கிச் சமத்துவம் கொண்டுவந்தது பிரிட்டன். பிரிட்டன் வருவதே கல்யாணத்தின் முதன்மை நோக்கமில்லை என்று விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும் என்ற அந்தக் காலத்து விதி 1997இல்தான் போனது. 2012 ஜூலையில் வருமான வரம்பு வந்தது, ஆண்டுக்கு 18,600 பவுண்டு. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. சம்பளம் போதாதவர் சேமிப்பைக் காட்டலாம், 88,500 பவுண்டு. சென்னையில் மனைவி வாங்கும் சம்பளம் எவ்வளவு பெரியதானாலும் அந்தக் கணக்கில் ஏறாது. மருத்துவக் கூடுதல் கட்டணம் வேறு, ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

பிரிட்டனிலும் நிச்சயிக்கப்பட்டவருக்கான ஆறு மாத விசா இருக்கிறது. அதில் வேலை கிடையாது, மணந்தபின் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம். மணமுடித்துத் துணை விசாவில் போனால் முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், ஐந்தாண்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையைக் கேட்கலாம். கணவர் குடிமகனாக இல்லாமல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருந்தால் டிபென்டன்டுக்கும் வேலை உரிமை உண்டு. 29,000 பவுண்டு வரம்பும் அவருக்குப் பொருந்தாது. ஆனால் முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச்சுக்குப் பின் போனவர்களால் குடும்பத்தை அழைத்துப் போக முடியவில்லை. மாணவர்களில் ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு 2024 ஜனவரியிலேயே அந்தக் கதவு மூடியாயிற்று. ‘முதலில் நான் போறேன், பிறகு உன்னைக் கூப்பிட்டுக்கறேன்’ என்று ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நிலத்தை விற்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு விற்கட்டும்.

ஜெர்மனி 2007இலிருந்து, வரும் துணைக்கு ஏ-1 அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் புதுத் தாலியோடு சிலர் உட்கார்ந்து படிப்பதற்கு அதுதான் காரணம். புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு. போனதும் வேலை பார்க்கலாம். அங்கே சேர்ந்து மூன்றாண்டு வாழ்ந்தபின் மணம் முறிந்தாலும் தன் பெயரில் தங்கும் உரிமையைக் கேட்க இடமுண்டு. விலக்கு இருந்தாலும் அந்த ஏ-1 வகுப்புக்குப் போய்விட்டுப் போவது நல்லது. ரொட்டிக் கடையில் ஊமையாக நிற்பது எவ்வளவு சங்கடம் என்று போனவர்களுக்குத் தெரியும்.

கனடாவில் துணையை அழைக்கப் பெரும்பாலும் வருமான வரம்பு இல்லை. மூன்றாண்டுக்கு அவரைத் தாங்குவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். 2012இல் புதிதாக வருபவருக்கு இரண்டாண்டு நிபந்தனை வைத்தார்கள், சேர்ந்து வாழாவிட்டால் உரிமை போய்விடும் என்று. அடி வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கத்தான் அது பெண்களைத் தள்ளும் என்ற எதிர்ப்புக்குப் பின் 2017இல் எடுத்துவிட்டார்கள். இப்போது இறங்கும்போதே நிரந்தர உரிமை. வெளியிலிருந்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. கனடாவுக்குள்ளிருந்தே விண்ணப்பிக்கும் பிரிவில் அது கிடையாது. உள்ளே போய் விண்ணப்பித்தால் பிரிந்திருக்க வேண்டியதில்லை என்று கிளம்புகிறவர்கள் இதையும் தராசில் வைக்க வேண்டும். ஸ்பான்சர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாமல் மாணவராக இருந்தால், 2025 ஜனவரி 21க்குப் பின் முனைவர் படிப்பு, குறைந்தது 16 மாத முதுகலை, சில தொழிற்படிப்புகள் தவிர மற்றவற்றில் துணைக்குத் திறந்த வேலை அனுமதி இல்லை.

கனடாக் கல்யாணங்களின் வரலாற்றை ஈழத் தமிழர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. அகதியாகப் போன மணமகன் இலங்கைக்குத் திரும்ப முடியாது. பெண்ணுக்குக் கனடா போக விசா இல்லை. இருவரும் சென்னையிலோ திருச்சியிலோ சந்தித்து மணந்து, அவர் திரும்பிப் போக, பெண் வாடகை வீட்டில் மாதக் கணக்கில் காத்திருந்த கதைகள் எத்தனையோ. சிதார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட மானுடவியல் நூல் இந்தத் திருமணங்களைப் பற்றியதுதான். கல்யாண ஆல்பம் குடும்ப நினைவாக இருந்த நிலை மாறி, விசா அதிகாரிக்குக் காட்டும் சாட்சியமானது அந்தத் தலைமுறையில். சேர்ந்து நிற்கும் பழக்கமில்லாத மாமனார் மாமியார்கூட ஒரே படத்தில் நின்றார்கள்.

ஆஸ்திரேலியாவில் துணை விசாக் கட்டணம் 9,000 டாலரைத் தாண்டிவிட்டது. முதலில் தற்காலிகம், விண்ணப்பித்து இரண்டாண்டு கழித்து நிரந்தரம் என்ற இரட்டைப் படி. சிங்கப்பூரில் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் வாங்குபவர்தான் டிபென்டன்ட் பாஸில் துணையை அழைக்க முடியும். 2021 மே முதல் அந்தப் பாஸை வைத்து வேலை பார்க்க முடியாது, தனி வேலை பாஸ் வாங்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் போன அக்கா சொல்லும் யோசனை அங்கே இன்று செல்லாது.

வழி எதுவானாலும் கையில் காகிதம் சரியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும், 90 நாளுக்குள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய திருத்தத்தால் ஐயர் இல்லாத, அக்னி வளர்க்காத சுயமரியாதைத் திருமணமும் இங்கே முழுச் செல்லுபடி. வெளிநாட்டு அதிகாரிக்கு அது புரியாமல் போகலாம், பதிவுச் சான்றிதழ் இருந்தால் விளக்க வேண்டிய தேவையே வராது. மதம் மாறாமல் கலப்பு மணம் செய்பவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மூன்று வார லீவில் வரும் மாப்பிள்ளைக்கு அந்தக் கணக்கு இடிக்கும்.

பெயர் இன்னொரு தலைவலி. இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் அந்நியம். பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும், பெயர் தெரியவில்லை என்று பொருள். ஓட்டுநர் உரிமம் முதல் சம்பளச் சீட்டு வரை அந்த மூன்றெழுத்து துரத்தும். விண்ணப்பத்துக்கு முன்பே அப்பா பெயரைப் பிரித்துப் போட்டுப் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுங்கள்.

நடக்கக் கூடாதது நடந்தால் என்ன என்பதைச் சம்பந்தம் பேசும் நேரத்தில் யாரும் எடுப்பதில்லை. சட்டம் எடுத்துவைத்திருக்கிறது. எச்-4இல் இருப்பவரின் தங்கும் உரிமை விவாகரத்தோடு முடிகிறது. குடிமகனை மணந்து இரண்டாண்டு ஆவதற்குள் அமெரிக்காவில் இறங்குபவருக்கு 1986 சட்டப்படி இரண்டாண்டு நிபந்தனைக் கார்டுதான். அதை நீக்க இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். ஆனால் மணம் முறிந்தாலோ கொடுமை நடந்தாலோ தனியே மனுப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு மாதம் தாமதமானாலும் குடியேற்ற விசாவில் போ என்று நான் சொல்வதற்கு வேலை உரிமை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

ஜாதக நகல் வாங்கும்போது மாப்பிள்ளையின் ஐ-140க்கு வந்த ஐ-797 காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிரயாரிட்டி டேட் என்று ஒரு கட்டம் இருக்கும், கிரீன் கார்டு வரிசையில் அவர் நிற்கும் இடம் அது. அதைப் படித்துவிட்டு முகூர்த்தத் தேதி பார்க்க உட்காருங்கள்.